சுற்றினால் பொம்மையா? சுங்கக் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, மொட்டை மாடியில் நின்று நட்சத்திரம் தேட உதவும் கையடக்க வட்டைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அது வரைபடம்தான், பொம்மை இல்லை என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எனவே இந்த முறை மற்ற கேள்விகளை ஓரம் வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

பார்க்காதவர்களுக்காக: பிளானிஸ்பியர் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்டத் தகடு, நடுவில் ஒரு ஐலெட், அதாவது இரண்டையும் கோத்துப் பிடிக்கிற சின்ன வளையம். கீழ்த் தகட்டில் வானத்து நட்சத்திரங்களை அச்சிட்டு விளிம்பில் வருஷம் முழுவதற்கும் தேதி போட்டிருப்பார்கள். மேல் தகட்டில் முட்டை வடிவத்தில் ஒரு ஜன்னல், விளிம்பில் மணி. இன்றைய தேதிக்கு நேரே இப்போதைய மணியைத் திருப்பி வைத்தால் ஜன்னலுக்குள் தெரிவது இப்போது உங்கள் தலைக்கு மேல் இருக்கும் வானம். அவ்வளவுதான் சங்கதி. பேட்டரி கிடையாது, லென்ஸ் கிடையாது. இனி வருகிற எண்களுக்கு ஒரு சாவி: சுங்கத் தீர்வைப் பட்டியலில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு தலைப்பு உண்டு, முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம். 4905 அச்சிட்ட வரைபடம், 9503 பொம்மை.

கேள்வி: ஆண்டர்சன் தெருவில் ஸ்டேஷனரி மொத்த வியாபாரம் செய்கிறேன். 500 பிளானிஸ்பியர் வரவழைத்தேன். 4905 என்று பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதிப் படிவம்) போட்டோம். அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது சுற்றுகிறது, அட்டையில் சின்னப் பையன் படம் வேறு இருக்கிறது, இது பொம்மை, 9503" என்கிறார். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) சான்று எங்கே என்றும் கேட்கிறார். சரக்கு நிற்கிறது, வாடகை ஏறுகிறது. என்ன செய்வது சார்?

பதில்: முதலில் இந்த வித்தியாசம் ஏன் உங்கள் வயிற்றைக் கலக்குகிறது என்று மற்ற வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பொம்மைக்கு நம் ஊர் சுங்கத் தீர்வை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. அதைக்கூடக் கட்டித் தொலைக்கலாம். ஆனால் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை அமலில் இருக்கிறது, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாட என்று வருகிற எதற்கும் ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும், வெளிநாட்டில் செய்கிறவரே பிஐஎஸ் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அதனால் 9503 என்று முடிவானால் காசு கொடுத்தும் சரக்கை வெளியே எடுக்க முடியாது. அதே 500 வட்டும் 4905 என்றால் இந்தத் தலைவலியே இல்லை. போதாக்குறைக்கு 4905க்கு ஜிஎஸ்டி 2022 ஜூலையில் பூஜ்யத்திலிருந்து 12 ஆகி, 2025 செப்டம்பர் 22 முதல் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. இறக்குமதிக்குப் போடுகிற ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டியும் அதன் பின்னாலேயே போகும். இந்த எண்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் நகரக்கூடியவை, பில் போடுகிற அன்றைக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாதத்துக்கு வருவோம். வகைப்பாட்டில் முதல் விதி, தலைப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படி. 4905இன் தலைப்பு அச்சிட்ட வரைபடங்கள், கடல் விளக்கப்படங்கள், அவை போன்றவை எல்லா வகையும் என்று போகிறது, அட்லஸ், சுவர் வரைபடம், உலக உருண்டை எல்லாம் அதற்குள். "எல்லா வகையும்" என்ற அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது, உலக சுங்க அமைப்பு வெளியிடும் விளக்கக் குறிப்பு. 4905க்கான குறிப்பைப் புரட்டினால், நாடு, நகரம், கடல் மட்டுமில்லை, வானத்தைக் காட்டுகிற படமும் இதில் சேரும் என்று இருக்கும். வானியல் விளக்கப்படம் என்று தனியாகப் பெயர் சொல்லியும் இருக்கும். உங்களுக்கு வேண்டிய வரியும் அங்கேயே இருக்கிறது: இந்தப் படங்களோடு நகரக்கூடிய சுட்டிகள், உருளைகள், ஒளி ஊடுருவும் உறைகள் மாதிரியான துணைப் பாகங்கள் பொருத்தியிருக்கலாம், அப்போதும் இதே தலைப்புதான். உங்கள் அதிகாரி "சுற்றுகிறது" என்று சொன்னாரே, அதற்குப் பதில் அந்த வரியில் இருக்கிறது. சுற்றுவதால் வரைபடம் வரைபடத்தன்மையை இழந்துவிடாது.

இந்தக் குறிப்பெல்லாம் நம்மைக் கட்டுப்படுத்துமா என்று கேட்டால், 1995இல் உட் கிராஃப்ட் புராடக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வகைப்பாட்டில் சந்தேகம் வந்தால் இந்தச் சர்வதேசப் பெயரிடல் முறையைப் பின்பற்றுவது பாதுகாப்பான வழி என்று சொல்லிவிட்டது. அதோடு, நாம் போட்ட தலைப்பைத் துறை மாற்ற நினைத்தால் அது தப்பு என்று காட்டும் பாரம் துறையின் தலையில்தான். பணிவாக ஞாபகப்படுத்தலாம்.

அட்டையில் இருக்கிற பையன் படம்? அது விற்பனைக்கான அலங்காரம். பையன் படம் போட்ட அட்லஸ் பொம்மை ஆகிவிடுகிறதா? ஆனால் இங்கே உங்கள் பக்கத்திலும் ஒரு தப்பு இருக்கும் என்று என் உள்மனசு சொல்கிறது. இன்வாய்ஸை எடுத்துப் பாருங்கள், அனுப்பினவர் "எஜுகேஷனல் டாய்" என்று எழுதியிருப்பார். நான் கிளியரிங் வேலையில் இருந்தபோது ஒரு கட்சிக்காரருக்கு இப்படித்தான் ஆனது. வந்தது உலக உருண்டை, இன்வாய்ஸில் பொம்மை, அனுப்பினவருக்கு அந்த ஊரில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை, நாங்கள் பதினோரு நாள் அலைந்தோம். இன்வாய்ஸில் உள்ள பெயர் வகைப்பாட்டைத் தீர்மானிக்காது என்பது சட்டம், இன்வாய்ஸில் உள்ள பெயரைத்தான் முதலில் படிப்பார்கள் என்பது நடைமுறை.

இதில் நான் கண்டுபிடித்த ஒரு சின்ன ஆயுதம் சொல்கிறேன். வட்டைத் திருப்பிப் பாருங்கள், எந்த அட்சரேகைக்கு உரியது என்று அச்சிட்டிருப்பார்கள், வடக்கு 10 முதல் 20 பாகை என்கிற மாதிரி. பொம்மை செய்கிறவன் அட்சரேகையைப் பற்றிக் கவலைப்படுவானா? பம்பரத்துக்கு சென்னைக்கு ஒன்று, லண்டனுக்கு ஒன்று உண்டா? குறிப்பிட்ட இடத்தில் நிற்பவருக்கு வானத்தைத் துல்லியமாகக் காட்டுவதற்காகத்தான் இது அச்சாகியிருக்கிறது என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி. மாதிரி ஒன்று, கேட்லாக், விளக்கக் குறிப்பின் அந்தப் பக்கம், மூன்றையும் சேர்த்து ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். கடிதத்தில் கோபம் வேண்டாம், அட்சரேகை வேண்டும். அடுத்த முறை இன்வாய்ஸிலேயே "அச்சிட்ட விண்மீன் வரைபடம், சுழல் வட்டு, இந்த அட்சரேகைக்கு" என்று எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: மேலே உள்ளவர் மாதிரிதான் எனக்கும். சரி, கேட்ட டியூட்டியைக் கட்டி சரக்கை எடுத்துவிட்டுப் பிறகு ரீஃபண்ட் கேட்கலாம் என்கிறார் என் ஏஜென்ட். (மண்ணடி வாசகர்)

பதில்: ஏஜென்டுக்கு என் வணக்கத்தைச் சொல்லி, 2019 செப்டம்பரில் ஐடிசி வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படிக்கச் சொல்லுங்கள். அசெஸ்மென்டை, அதாவது அதிகாரி செய்த தீர்வை நிர்ணயத்தை, எதிர்த்து மாற்றாமல் நேரே ரீஃபண்ட் மனு போட முடியாது. கட்டுவதானால் ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மறு அசெஸ்மென்டுக்குக் காரணம் சொல்லும் உத்தரவு கேளுங்கள். சுங்கச் சட்டம் 17வது பிரிவின் ஐந்தாம் உட்பிரிவுப்படி, நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத வரை 15 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். நிறையப் பேர் அவசரத்தில் ஒப்புக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் என்னிடம் வருகிறார்கள், அப்போது நான் டீ வாங்கிக் கொடுப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. உத்தரவு கையில் கிடைத்த 60 நாளுக்குள் மேல்முறையீடு. தகராறில் உள்ள தீர்வையில் ஏழரை சதவீதம் முன்வைப்பு கட்ட வேண்டும். ஏழரைக்குச் சனி காரணமில்லை, 129ஈ பிரிவு.

அவ்வளவு தூரம் போகாமல் 18வது பிரிவில் தற்காலிக அசெஸ்மென்ட் கேட்டு, பாண்டு (உறுதிப் பத்திரம்) கொடுத்துச் சரக்கை எடுக்கவும் வழி உண்டு. ஆனால் பொம்மையா இல்லையா என்பதில் பிஐஎஸ் கேள்வியும் ஒட்டிக்கொண்டிருப்பதால் சிலர் அதற்குத் தயங்குவார்கள். வாடகைதான் கழுத்தைப் பிடிக்கிறது என்றால் 49வது பிரிவில் பொதுக் கிடங்கில் வைக்க அனுமதி கேளுங்கள்.

வருஷா வருஷம் இதே பொருளை இறக்கப்போகிறவர் என்றால் இதெல்லாம் எதற்கு? முன்கூட்டியே தீர்ப்பு வாங்கிவிடுங்கள். சுங்க முன்தீர்ப்பு ஆணையம் டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. 10,000 ரூபாய் கட்டணம், மாதிரியோடு விண்ணப்பம், மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பது விதி, கிடைத்தால் சில வருஷத்துக்குத் துறையையும் கட்டும் உங்களையும் கட்டும். உங்களையும் என்பதை மறக்காதீர்கள், பாதகமாக வந்தால் தூக்கிப் போட முடியாது.

கேள்வி: நாங்கள் இறக்குவது முழுக்கப் பிளாஸ்டிக் வட்டு, பேப்பரே இல்லை. அப்படியானால் பிளாஸ்டிக்குக்கான 39ஆம் அத்தியாயம்தானே? (பெரம்பூர்)

பதில்: இல்லை. தீர்வைப் பட்டியலில் (சுங்கச் சட்டத்தில் அல்ல) ஏழாம் பிரிவின் இரண்டாவது குறிப்பைப் படியுங்கள். பிளாஸ்டிக்கில் அச்சிட்டிருக்கும் எழுத்தோ படமோ பொருளின் முக்கியப் பயனுக்குச் சும்மா ஒட்டிக்கொண்டதாக இல்லாமல் அதுவே பயனாக இருந்தால், பொருள் 49ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும். உங்கள் வட்டிலிருந்து நட்சத்திரங்களை அழித்துவிட்டால் மிச்சம் என்ன? சாப்பாட்டுத் தட்டுக்குக்கூட உதவாத இரண்டு தகடு. அதே சமயம் நட்சத்திரப் படம் போட்ட டிபன் பாக்ஸ் டிபன் பாக்ஸ்தான். குறிப்பு 3918 (பிளாஸ்டிக் தரைவிரிப்பு), 3919 (பசைத் தகடு) இரண்டையும் விலக்கி வைத்திருக்கிறது, ஆகவே பின்னால் பசை தடவிய பிளாஸ்டிக் ஷீட்டாக வந்தால் இந்த வாதம் செல்லாது.

கேள்வி: திருவொற்றியூரில் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் அறிவியல் மன்றத்துக்கு 60 வட்டு வாங்க நன்கொடையாளர் முன்வந்திருக்கிறார். கல்விக்கு என்பதால் 9023 என்று போட்டால் நல்லது என்கிறார் அவருக்குத் தெரிந்தவர்.

பதில்: டீச்சர், வாங்குகிறவர் யார் என்பதைப் பார்த்துத் தலைப்பு மாறாது. பள்ளிக்கூடம் வாங்கினாலும் பட்டாணிக் கடைக்காரர் வாங்கினாலும் பொருள் ஒன்றுதான். 9023 என்பது செய்து காட்டுவதற்கென்றே வடிவமைத்த கருவிகள், மாதிரிகள், அதோடு "வேறு பயனுக்கு உதவாதவை" என்று ஒரு நிபந்தனை. இடுப்புயரத்துக்குப் பிளாஸ்டிக் இதயத்தை வெட்டி உள்ளறை தெரிகிற மாதிரி வைத்திருப்பார்களே, அது 9023, அதை வைத்து வேறு ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் வட்டை ராத்திரி மாடிக்கு எடுத்துப் போய் ரோகிணி எங்கே, கேட்டை எங்கே என்று நிஜமாகவே தேடலாம். பயன் இருக்கிறது, ஆகவே 9023 இல்லை. மேடுபள்ளம் தூக்கலாகத் தெரிகிற புடைப்பு வரைபடமும் புடைப்பு உருண்டையும் மட்டும், அச்சிட்டிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, 4905ஐ விட்டு 9023க்குப் போகும். சாதாரண உலக உருண்டை வாங்கும் உத்தேசம் இருந்தால் ஒரு எச்சரிக்கை: இந்தியாவின் எல்லையைத் தப்பாகக் காட்டுகிற வரைபடம் இறக்குமதிக்கே தடை. வானத்தில் அந்தத் தொல்லை இல்லை, ஓரியன் யாருக்குச் சொந்தம் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

கேள்வி: ஓய்வு பெற்ற பொறியாளன். நீங்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் விடை தருகிறது என்றால் அது கணக்கிடும் கருவி. சிலைடு ரூல் (நகர்த்திக் கணக்குப் போடும் அளவுகோல்) போல 9017தான். அல்லது வானியல் கருவி என்று 9005. (கே.கே. நகர்)

பதில்: சார், இந்த வாரம் வந்ததில் நல்ல கேள்வி இதுதான். 9017இல் சிலைடு ரூலோடு வட்டக் கணிப்பான்களும் பெயர் சொல்லியே இருக்கின்றன, இரண்டு வட்டு, நடுவில் ஆணி, உருவத்தில் அண்ணன் தம்பி. ஆனால் வட்டக் கணிப்பானில் நீங்கள் எண் கொடுத்து எண் வாங்குகிறீர்கள். அச்சிட்ட அளவுகோல்தான் அங்கே வேலை செய்கிறது. இங்கே நீங்கள் வாங்குவது படம். மேல் தகடு என்ன செய்கிறது? முழுப் படத்தில் இப்போது வேண்டாத பகுதியை மறைக்கிறது. ரோட்டு வரைபடத்தில் நம் பேட்டை மட்டும் தெரிகிற மாதிரி மடித்துப் பிடித்துக்கொள்கிறோமே, அதே வேலையைக் கொஞ்சம் புத்திசாலித்தனமாகச் செய்கிறது. சூரிய உதயம் எத்தனை மணிக்கு என்று தோராயமாகப் படிக்க முடியும் என்பது உண்மை, அது கூடுதல் சௌகரியம். உங்கள் வாதத்தைச் சிரித்து ஒதுக்க மாட்டேன், ஒரு தீர்ப்பாயத்தில் அரை மணி நேரம் ஓடும். ஆனால் கடைசியில் நான் 4905 பக்கம்தான் பந்தயம் கட்டுவேன்.

9005 பற்றி அவ்வளவு யோசிக்க வேண்டாம். அங்கே பைனாகுலர், தொலைநோக்கி, அதன் தாங்கிகள், வானாய்வகத்தில் வைக்கிற வகைக் கருவிகள். வட்டில் பார்க்கும் பாகமும் இல்லை, கோணம் அளக்கும் பாகமும் இல்லை.

கேள்வி: வேளச்சேரி. என் பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக அமெரிக்காவிலிருந்து என் தங்கை ஒரு வட்டை கூரியரில் அனுப்பினாள். கிஃப்ட் என்று எழுதியும் டியூட்டி போட்டிருக்கிறார்கள். 4905 என்று நான் வாதாடலாமா?

பதில்: வாதாடலாம், ஆனால் வேறு தலைப்பு வழியை மறிக்கும். நம் ஊர்ப் பட்டியலில் 98ஆம் அத்தியாயம் என்று ஒன்று உண்டு, அதில் 9804, சொந்தப் பயனுக்காகத் தபாலிலோ விமானத்திலோ வருகிற தீர்வைக்குரிய பொருள் எல்லாம் ஒரே தலைப்பு, ஒரே வீதம். வேறு இடத்தில் இதைவிடக் குறிப்பான தலைப்பு இருந்தாலும் இந்த அத்தியாயம்தான் முந்தும் என்று அதன் முதல் குறிப்பே சொல்கிறது. அதனால் வியாபாரி 500 வட்டு இறக்கினால் வரைபடம், உங்கள் தங்கை ஒன்று அனுப்பினால் "சொந்தப் பயன்". சமோசா, குடை, வட்டு, எல்லாம் ஒரே வரிசையில். கிஃப்ட் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது, ராக்கிக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும் மட்டும் விட்டு வைத்தார்கள். அடுத்த முறை தங்கை ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள், பயணிகள் சலுகைக்குள் சத்தமில்லாமல் வந்துவிடும். ஆமாம், தங்கை எந்த மாநிலத்தில் இருக்கிறார்? அடுத்த கேள்வியைப் படியுங்கள், அப்போதுதான் ஏன் கேட்டேன் என்று புரியும்.

கேள்வி: பெசன்ட் நகர். லண்டன் போனபோது வாங்கிய வட்டு, சென்னையில் பொருந்தவே மாட்டேன் என்கிறது. துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் இருப்பதாகக் காட்டுகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை, அது லண்டன்காரருக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. துருவ நட்சத்திரம் எந்த ஊரில் எந்த அட்சரேகையோ கிட்டத்தட்ட அந்த உயரத்தில் நிற்கும். லண்டனில் 51 பாகைக்கு மேல், சென்னையில் வெறும் 13. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. ஆக பெசன்ட் நகரில் வடக்கே திரும்பி அடிவானத்திலிருந்து ஒன்றேகால் முஷ்டி, அங்கே ஒரு அபார்ட்மென்ட்டின் தண்ணீர்த் தொட்டி இருக்கும், அதற்குப் பின்னால் துருவன்.

நஷ்டம் தெற்கில்தான் பெரிசு. லண்டன் வட்டு தெற்கே சுமார் 39 பாகைக்கு அப்பால் உள்ள நட்சத்திரங்களைக் கண்டுகொள்ளாது, அந்த ஊரில் அவை உதிப்பதே இல்லை. நமக்கோ 77 பாகை வரை தெரியும். வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான அகத்தியர் நட்சத்திரம், பிப்ரவரி தொடக்கத்தில் இரவு 9 மணி வாக்கில் கடல் காற்றில் நின்று நேர் தெற்கே பார்த்தால் இரண்டரை முஷ்டி உயரத்தில் ஜொலிக்கும், அது உங்கள் வட்டிலேயே இருக்காது. மே மாத நடுவில் அதே நேரத்துக்குத் தெற்குச் சிலுவை, ஒன்றரையிலிருந்து இரண்டு முஷ்டி. அதுவும் இருக்காது. அகத்தியரை தெற்கே அனுப்பிய கதை தெரிந்த நாம், அவர் இல்லாத வட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வாங்கும்போது வடக்கு 10 முதல் 20 பாகைக்கு உரியதா என்று பாருங்கள். முடிந்தால் இரண்டு பக்கமும் அச்சிட்டது. நம் அட்சரேகைக்கு ஒற்றைப் பக்க வட்டில் தெற்கு நட்சத்திரக் கூட்டங்கள் ரப்பர் மாதிரி இழுபட்டுக் கிடக்கும், வடக்குத் துருவத்தை நடுவில் வைத்து தூரத்துத் தெற்கை விளிம்பில் விரிப்பதால் வருகிற கோளாறு.

இன்னொன்று, மணி. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். சென்னை 80.27இல் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிஷம், ஆக நாம் ஒன்பது நிமிஷம் பின்னால். கடிகாரம் 9 மணி காட்டினால் வட்டை 8.51க்கு வையுங்கள். ஒரு காலத்தில் நுங்கம்பாக்கம் வானாய்வகம்தான் மெட்ராஸ் நேரம் என்று ஒன்றை வைத்து ரயில்களை ஓட்டியது, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முன்னால். அந்த ஒன்பது நிமிஷம் அங்கிருந்து நமக்கு வந்த பூர்வீகச் சொத்து. 1792இல் கட்டிய அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. 1861இல் வானியலாளர் போக்சன், ஏசியா என்ற சிறுகோளைக் கண்டதும், 1867இல் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டதும் அங்கேதான். இப்போது அதே இடத்தில் ராத்திரி நின்றால் தெருவிளக்குதான் தெரியும், அது வேறு விஷயம்.

கேள்வி: வட்டு, சிவப்பு விளக்கு டார்ச், சின்னப் புத்தகம் மூன்றும் ஒரே பெட்டியில். மூன்று தலைப்பா? (அண்ணா நகர்)

பதில்: ஒரே தலைப்பு. ஒரே வேலைக்காகச் சேர்த்து, மறுபடி பிரித்துக் கட்டாமல் அப்படியே கடையில் விற்கிற தொகுப்பு என்றால் மூன்றாம் விதியின் ஆ பகுதி, எது அந்தத் தொகுப்புக்கு அடிப்படைத் தன்மை தருகிறதோ அது. இங்கே வட்டு. கண் இருட்டுக்குப் பழகியது கெடாமல் வட்டைப் படிக்கத்தான் டார்ச், வட்டை விளக்கத்தான் புத்தகம். அதுவே தொலைநோக்கி வாங்கினால் வட்டு இலவசம் என்று ஒரு பெட்டி வந்தால் அது 9005, வட்டு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகும். பெட்டிக்குள் நட்சத்திரம் ஒட்டிய பம்பரம் ஒன்றையும் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அந்தப் பம்பரத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மறுபடி முதல் கேள்விக்கே வந்து நிற்போம்.

கேள்வி: போனில் ஆப் இருக்கும்போது இந்த வட்டு எதற்கு? (பெயர் வெளியிட விரும்பாத கல்லூரி மாணவர்)

பதில்: ஆப்பைத் திறந்ததும் வாட்ஸ்அப் பார்க்கத் தோன்றாதவர் நீங்கள் என்றால் வட்டு வேண்டாம்.

கேள்வி: அம்பத்தூரில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். இத்தனை அத்தியாயம், தலைப்பு எல்லாம் எதற்கு, நாமே அடித்தால் என்ன?

பதில்: இதை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன். தாராளமாக அடியுங்கள். நட்சத்திரங்களின் இடம் யாருக்கும் காப்புரிமை இல்லை, வெளிநாட்டு வட்டின் ஓவியத்தையும் அமைப்பையும் நகல் எடுக்காமல் இருந்தால் சரி. கணக்குப் போட்டுத் தர வானியல் தெரிந்த ஒரு கல்லூரிப் பையன் போதும். கார்த்திகை, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, திருவோணம் என்று பெயர்களைத் தமிழில் போடுங்கள், ஜாதகத்தில் மட்டும் கேட்ட பெயர் வானத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் வீட்டில் பாட்டி முதல் ஆளாக மாடிக்கு வருவார். வெள்ளி, வியாழன் எங்கே என்று கேட்பார்கள், கிரகத்தை அச்சிட முடியாது, அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். நட்சத்திரம் நகர்வதோ 72 வருஷத்துக்கு ஒரு பாகை, உங்கள் பேரன் காலம் வரை பிளேட்டை மாற்ற வேண்டாம்.

தொழில் விஷயமாக இரண்டே சங்கதி. நேர வளையத்தை வரையும்போதே அந்த ஒன்பது நிமிஷத்தைச் சேர்த்துத் திருப்பி வைத்துவிட்டால் சென்னைக்காரர் கணக்குப் போட வேண்டியதில்லை, சென்னைக்கென்றே அடித்தது என்று முகப்பில் பெருமையாகப் போட்டுக்கொள்ளலாம். ஐலெட் அடிக்கும் இடம் துருவ நட்சத்திரப் புள்ளியின் மேல் இல்லை, வான துருவத்தின் மேல். இரண்டுக்கும் இடையில் முக்கால் பாகைகூட இல்லை, 25 சென்டிமீட்டர் வட்டில் அது அரை மில்லிமீட்டர்தான் வரும், ஆனால் பஞ்சிங் மெஷினில் நிற்கிற பையன் அதற்கு மேல் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அடித்தால் ஒரு பக்கம் தேதி உரசும், மறு பக்கம் இடைவெளி விழும். முதல் ஐம்பதை நீங்களே பக்கத்தில் நின்று அடியுங்கள். சரியாக வந்ததும் எனக்கு ஒன்று அனுப்பி வையுங்கள், அம்பத்தூரிலிருந்து வருவதற்கு 9804 கிடையாது.